ஃபில்டர் போட்டா முந்தின தேதி கணக்கு தப்பா வருது

கேள்வி: எக்ஸெல்ல நாலு ஜெனரேட்டரோட மீட்டர் ரீடிங் ஒரே ஷீட்ல தேதி வாரியா இருக்கு, சி5-ல இருந்து சி4-ஐ கழிச்சு ஓடின மணி எடுக்கறேன், ஆனா ரெண்டாம் நம்பர மட்டும் ஃபில்டர் பண்ணா 412-க்கு அடுத்து 419 தெரியுது, வித்தியாசம் மைனஸ் 1,306-ன்னு நிக்குது. என்னங்க பண்றது?

பதில் 1: ஃபில்டர் வரிய மறைக்கத்தான் செய்யும், ஃபார்முலா அத கண்டுக்காது. நடுவுல ஒளிஞ்சிருக்க வேற ஜெனரேட்டரோட 1,725-ஐ கழிச்சிருக்கு. மேக்ஸ்இஃப்ஸ் (நிபந்தனைக்கு பொருந்தறதுல பெருச எடுக்கற ஃபார்முலா) வச்சு அதே ஜெனரேட்டருக்கு இந்த தேதிக்கு முந்தின தேதிய எடுங்க, அப்புறம் சம்இஃப்ஸ்ல (பொருந்தறத கூட்டற ஃபார்முலா) அந்த ரீடிங்க இழுங்க. ஒரே நாள்ல ரெண்டு என்ட்ரி இருந்தா கூட்டிடும், உஷார்.

பதில் 2: மேக்ஸ்இஃப்ஸ் எக்ஸெல் 2019-ல இருந்துதான். பழசுன்னா பிவட் டேபிள் (டேட்டாவ சுருக்கி காட்டற அட்டவணை) போட்டு 'டிஃபரன்ஸ் ஃப்ரம்', 'ப்ரீவியஸ்' குடுங்க, முந்தினதோட வித்தியாசம் வரும். தேதிய அதுவா மாசமாக்கிடும், அன்க்ரூப் பண்ணி தனித்தனி தேதியாக்கிடுங்க (எனக்கு அரை நாள் போச்சு).

கேட்டவர்: 7 வந்துருச்சு! முதல் தேதிக்கு மட்டும் முழு ரீடிங்கே வருது, அதுக்கு ஒரு இஃப் போட்டுட்டேன்.