ஆறாம் வகுப்புக்கு அரசு உயர்நிலைப் பள்ளி: சேலம்காரர்கள் சொல்லுங்கள்

இரும்பாலை ரோட்டுக்காரன்:
மகள் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். வெள்ளி விலை ஏறியதில் கொலுசுப் பட்டறையில் ஆர்டர் குறைந்துபோச்சு, ஃபீஸ் கட்டி மாளவில்லை. இரண்டு தெரு தள்ளி அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே சேர்க்கலாம் என்றால் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை சரவணன்:
சேர்ப்பதானால் ஆறிலேயே சேருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2020 முதல் இருக்கிறது. இன்ஜினியரிங்குக்கு 2021இல் வந்தது.

கொலுசுக்கார அக்கா:
தம்பி, என் பிள்ளைகள் இரண்டும் அப்படியொரு பள்ளிதான். பெரியவள் இப்போது காலேஜ். அரசுப் பள்ளியில் படித்துக் காலேஜ் போகிற பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழுகிறது. மாமியாரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், பாதிக் கோபம் இறங்கும்.

குறை இல்லாமல் இல்லை. கணக்கு டீச்சர் மாறுதலில் போனால் அடுத்தவர் வரும்வரை திண்டாட்டம்தான். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவரே ஒரு பெற்றோர்தான். ஆனால் கூட்டத்துக்குப் போனால் அரை நாள் கூலி போகுமே என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நாங்கள் நாலு பேர் போய் உட்கார்ந்த பிறகுதான் கழிவறை மோட்டார் ஓடியது.

ஊரே சேர்ந்து பள்ளிக்குத் தேவையான பொருட்களைச் சீர் வரிசையாகக் கொண்டுபோய்க் கொடுத்த எங்கள் ஊர்க் கல்விச் சீரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாரியம்மன் கோயிலிலிருந்து மேளத்தோடு கிளம்பினோம். தாம்பாளங்களில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, நடுவில் சாக்பீஸ் பெட்டி, சுவர்க் கடிகாரம். பின்னாலேயே டாடா ஏஸில் ஒரு பீரோ, பிளாஸ்டிக் நாற்காலிகள். ஹெச்.எம். வாசலில் நின்று சம்பந்தி வீட்டாரை வரவேற்கிற மாதிரி சந்தனம் கொடுத்தார். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு வந்தவர்கள்தான் அதிகம் கொடுத்தது. (அதில் பாதிப் பேர் தங்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றித் தனியாருக்கு அனுப்புகிறார்கள், அது வேறு கதை.)

ஒரு விஷயம் கவனம். உயர்நிலைப் பள்ளி பத்தோடு முடிந்துவிடும். பதினொன்றுக்குத் தனியாருக்கு மாற்றினீர்களோ, மேலே தம்பி சொன்ன ஒதுக்கீடு கைநழுவிப் போகும். எங்கள் தெருவிலேயே அப்படி இழந்த பிள்ளை உண்டு. பக்கத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி எது, என்ன குரூப் இருக்கிறது, எந்த பஸ் போகும் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

இரும்பாலை ரோட்டுக்காரன்:
நன்றிங்க அக்கா. பதினொன்று பற்றி நான் யோசிக்கவே இல்லை. இன்னொரு சிக்கல், இப்போதைய பள்ளியில் ஃபீஸ் பாக்கி இருக்கிறது. டி.சி. தர இழுத்தடிப்பார்கள் போல.

அம்மாப்பேட்டை சரவணன்:
அதற்காகச் சேர்க்கை நிற்காது. டி.சி. வரத் தாமதமானாலும் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ள மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே இருக்கிறது. ஆதார், பிறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு ஹெச்.எம்.மைப் பாருங்கள்.