சர்க்கரை உள்ள பூனை, பயந்த நாய்: பத்து நாளுக்கு யாரை நம்பி விடுவது?

கட்டிலடி:
பத்து நாள் வெளியூர் போகிறோம். பூனைக்கு 11 வயது, சர்க்கரை நோய், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின். நாய் புது ஆளைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விடும். வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ள மூன்று பெட் சிட்டர்கள் தயார். மூவருக்கும் நல்ல ரிவ்யூ. எதை வைத்து முடிவு செய்வது?

ஊசிமுனை:
ரிவ்யூவை ஓரமாக வையுங்கள். மூவரிடமும் இதைக் கேளுங்கள்: "ஊசி நேரம் ஆகிவிட்டது, பூனை சாப்பாட்டைத் தொடவில்லை. என்ன செய்வீர்கள்?" நேரத்துக்குப் போட்டுவிடுவேன் என்று சட்டென்று சொல்பவர் வேண்டாம். சாப்பிடாத பூனைக்கு முழு டோஸ் போனால் சர்க்கரை மளமளவென்று இறங்கி, தள்ளாட்டம், வலிப்பு வரை போகும். ஊசியை நிறுத்திவைத்து டாக்டரைக் கேட்பேன் என்பவரே சரி.

அடுத்தது சிரிஞ்ச். பாட்டிலில் யூ-40 (ஒரு மில்லியில் 40 யூனிட் இன்சுலின்) என்றால் சிரிஞ்சும் யூ-40தான். யூ-100 மருந்தை யூ-40 சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். இரண்டு வகையும் வீட்டில் இருந்தால், வேண்டாததை அப்புறப்படுத்திவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் கண்ணெதிரே இரண்டு வேளையாவது அவரே போடட்டும். மருந்து ரோமத்தில் வழிந்ததோ என்று சந்தேகம் வந்தாலும் மறுபடி போடக் கூடாது. ஒரு வேளை தவறுவதைவிட இரட்டை டோஸ் ஆபத்து. இதை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்.

இரட்டைவார்:
நாய் விஷயத்தில், முதல் சந்திப்பில் அதைக் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருப்பவரைப் பிடியுங்கள். குனிந்து தலையில் கை வைப்பவர், கட்டிலடியிலிருந்து இழுப்பவர், இருவருமே கடி வாங்குவார்கள்.

பயந்த நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் முதல் சில நாட்களில், வாசல் கதவு திறக்கும் நொடியில். உள்கதவைச் சாத்திய பிறகுதான் வெளிக்கதவு. நடைக்குப் போகும்போது கழுத்துப்பட்டையில் ஒரு வார், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னெஸில் ஒரு வார். நாய் பின்னால் இழுத்தால் பட்டை தலைவழியே கழன்றுவிடும். இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். பத்து நாளும் வெளியே வாரை அவிழ்க்க வேண்டாம், எவ்வளவு கெஞ்சினாலும். நீங்கள் ஊரில் இருக்கும்போதே ஓர் இரவு ஒத்திகை வைத்துவிடுங்கள்.

கட்டிலடி:
பழைய வாடிக்கையாளர்களிடம் என்ன கேட்க? தினமும் போட்டோ அனுப்பச் சொன்னால் போதுமா?

ஊசிமுனை:
"நல்லாப் பார்த்துக்கிட்டாரா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "ஏதாவது தப்பு நடந்ததா? எவ்வளவு நேரத்தில் உங்களிடம் சொன்னார்?" என்று கேளுங்கள்.

தூங்கும் பூனையின் போட்டோ அழகுதான், பயனில்லை. சாப்பாடு மிச்சமிருக்கும் கிண்ணமும், பூனை மலஜலம் கழிக்கும் மணல் பெட்டியான லிட்டர் பாக்ஸும் போட்டோவில் வேண்டும். மணலில் சிறுநீர் பட்டு உருளும் கட்டிகள் திடீரென்று பெருத்தால் சர்க்கரை ஏறியிருக்கலாம். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அடைப்பு; விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நீங்கள் போனை எடுக்காவிட்டாலும் சிகிச்சை தொடங்க, செலவு வரம்போடு கையெழுத்திட்ட கடிதத்தை டாக்டரிடம் முன்பே கொடுத்துவையுங்கள்.

இரட்டைவார்:
சிட்டருக்கே காய்ச்சல் வந்தால்? இரண்டாவது சாவி யாரிடம், அவருக்கு ஊசி போடத் தெரியுமா, அதையும் பாருங்கள்.