மாம்பழத் தோல் பாலிஃபீனால்: நானோ துகளிலிருந்து கழற்றுவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகள் கழித்துத் தள்ளும் தோலிலிருந்து மாங்கிஃபெரின், காலிக் அமிலம் ஆகிய பாலிஃபீனால்களை (தாவரங்களிலுள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்கள்) மீட்க முயல்கிறேன். இவற்றைத் தன் பரப்பில் ஒட்டவைத்துக் கவரும் பொருள், கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்) பூசிய மேக்னடைட் (காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) நானோ துகள்.

கவர்வதில் குறையே இல்லை. சாற்றில் போட்டுக் கலக்கிவிட்டுக் குடுவையின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்தால், கறுப்புத் துகள்கள் சுவரோடு அப்பிக்கொள்கின்றன. வடிகட்டும் வேலையே இல்லை. கழற்றும்போதுதான் வம்பு. பாலிஃபீனால்களில் அடுத்தடுத்து நிற்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் இரும்பை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. வெறும் எத்தனாலுக்கு மசிவதில்லை. அமிலம் சேர்த்தால் இரும்பும் கரைந்து வருகிறது. பிறகு அமிலத்தன்மையைக் குறைத்ததும் கரைசல் கடுக்காய் மைபோலக் கறுத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, கரைந்த ஃபெரஸ் இரும்பு ஃபோலின்-சியோகால்டோ சோதனையில் (மொத்தப் பாலிஃபீனாலை அளக்கும் நிறச் சோதனை) குறுக்கிட்டு அளவைக் கூட்டிக் காட்டும். (தோலிலுள்ள பசைப்பொருளான பெக்டினை எத்தனால் ஊற்றி முன்பே படியவைத்து நீக்கிவிடுகிறேன், அதன்மீது பழி போட வேண்டாம்.)

மேக்னடைட்டுக்கு முதலில் சிலிக்கா உறை போட்டு, அதன்மேல் கைட்டோசான் பூசியவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா? இரும்புக் கசிவு குறைந்ததா? கவரும் திறனும் சேர்ந்து குறைந்ததா? கைட்டோசான் அமிலத்தில் கரையாமலிருக்க எதைக் கொண்டு குறுக்கிணைத்தீர்கள் (அதன் மூலக்கூறு இழைகளை ஒன்றோடொன்று பிணைத்தீர்கள்)? உணவில் சேரப்போகும் பொருள் என்பதால் நச்சுத்தன்மையுள்ள பிணைப்பியான குளுட்டரால்டிஹைடைத் தொட மனம் வரவில்லை; தாவரத்திலிருந்து கிடைக்கும் பிணைப்பியான ஜெனிபின் விலையோ கையைக் கடிக்கிறது.

நானோவை விட்டுவிட்டுப் பழைய நுண்துளை ரெசினுக்கே (பாலிஃபீனாலைக் கவரும் துளையுள்ள பாலிமர் மணிகள்) போ என்பவர்களும் தாராளமாகச் சொல்லலாம். கவர்ந்து கழற்றும் சுழற்சி எத்தனை தாங்கியது என்ற கணக்கையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.