தோட்டத்துப் பேச்சு: யாராவது வழி சொல்லுங்கள்
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம், ரப்பர் தோட்டத்துக் குடும்பம். மகள் கோலாலம்பூரில் அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வுக்குப் போனாள். 'வாழைப்பழம்' என்பதை 'வாளப்பளம்' என்று வாசித்துவிட்டாளாம். "தோட்டத்துப் பேச்சு இன்னும் போகலையே" என்று சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் அவள் பேச்சே குறைந்துவிட்டது. பாட்டி பால் மங்கு (ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்), பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) என்று தோட்டத்துச் சொல் சொன்னால்கூட முகம் சுளிக்கிறாள். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிமாரில் நிறையப் பேர் யாழ்ப்பாணத்தார், மலையாளிகள். அவர்கள் பேச்சைக் கேட்டாலே தொழிலாளர் குடியிருந்த லயத்தில் முதுகு வளையும். (எனக்கும் வளைந்ததுதான்.)

சரி, ழகரம் பயிற்சியில் வந்துவிடும். ஈப்போ பக்கம் உச்சரிப்புச் சொல்லித்தரும் ஆசிரியர் யாரையாவது தெரியுமா? அப்புறம், வேலையிடத்தில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு என்று கூச்சமில்லாமல் பழகியவர்கள் இருந்தால், அவளிடம் கொஞ்சம் பேசுவீர்களா?