அவசரம்: பூ விலை ஃபைலை பைத்தான் படிக்க மாட்டேன் என்கிறது

பூமார்க்கெட்_பையன்:
வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமாவுக்குக் கமிஷன் கடை. தினசரி விலையைக் கணக்குப்பிள்ளை ஒரு சிஎஸ்வி ஃபைலில் (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) ஏற்றி வைக்கிறார். அதைப் படித்து எந்தப் பூ எந்தத் தேதியில் அதிக விலைக்குப் போனது என்று எடுக்கப் பைத்தான் மொழியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். என் லேப்டாப்பில் அருமையாக ஓடுகிறது, கடை கம்ப்யூட்டரில் எரர். கோடில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. தை முகூர்த்தத்துக்கு முன்னால் வேண்டும் என்று மாமா நிற்கிறார், யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

திருமங்கலத்தான்:
என்ன எரர் தம்பி?

வைகைக்கரை:
லேப்டாப்பில் என்ன ஓ.எஸ்., கடையில் என்ன ஓ.எஸ்.? இரண்டிலும் பைத்தான் எந்த வெர்ஷன்? ஃபைலை எதில் டைப் செய்கிறார்கள்?

பாண்டாஸ்_பிரியன்:
இதற்கெல்லாம் கையால் எழுதலாமா? பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்தைப் போட்டு ரீட் சிஎஸ்வி என்று ஒரே வரி. முடிந்தது.

மேலமாசி_அச்சகம்:
பார்க்காமலே சொல்கிறேன், ஃபான்ட் பிரச்சினை. கணக்குப்பிள்ளை பாமினியில், அதாவது ஆங்கில எழுத்தைத் தமிழாகக் காட்டும் பழைய ஃபான்டில், அடித்திருப்பார். இந்த ஊரில் டைப் கற்றவர்களில் பாதிப் பேர் பாமினிதான்.

நெற்றிக்கண்:
“எரர் வருகிறது” என்று சொல்லிவிட்டு எரரைப் போடாதவர்களுக்கு உதவி செய்வதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். எரரின் கடைசி வரியை முழுதாக ஒட்டுங்கள், ஃபைலைத் திறக்கும் ஓபன் வரியையும் காட்டுங்கள். இதுகூடத் தெரியாமல் புரோகிராம் எழுதக் கிளம்பிவிடுகிறார்கள்.

பூமார்க்கெட்_பையன்:
மன்னிக்கவும், கடையில் இருந்து போனில் அடிக்கிறேன். யூனிகோட் டிகோட் எரர், சார்மேப் கோடெக்கால் 0எக்ஸ்8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்று வருகிறது. என் லேப்டாப் உபுண்டு. கடையில் விண்டோஸ் 7, பைத்தான் 3.8. ஃபைல் நோட்பேடில் அடித்தது. ஓபனுக்குள் ஃபைல் பெயரை மட்டும்தான் கொடுத்திருக்கிறேன்.
இன்னொரு வினோதம். அரளி, ரோஜா இரண்டை மட்டும் வைத்துச் சின்ன ஃபைல் போட்டுப் பார்த்தேன், எரரே வரவில்லை! ஆனால் பூவின் பெயருக்குப் பதிலாகத் தலையில் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று கிறுக்கலாக வருகிறது. அதில் மல்லியைச் சேர்த்தால் உடனே நின்றுவிடுகிறது.

திருமங்கலத்தான்:
மல்லி என்றாலே மதுரையில் கிராக்கிதானே.

வைகைக்கரை:
தம்பி, அந்த அரளி-மல்லி சோதனையிலேயே விடை இருக்கிறது. உன் ஃபைல் யூடிஎஃப்-8, அதாவது எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் முறை. அதில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ஓபனில் என்கோடிங் (எந்த முறையில் சேமித்தது என்பது) சொல்லாமல் விட்டால் உபுண்டு யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் தன் பழைய 1252 அட்டவணையை எடுத்து ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படிக்கும். அந்த அட்டவணையில் (பதினாறு அடிமான எண்ணில்) 81, 8டி, 8எஃப், 90, 9டி ஆகிய ஐந்து இடங்கள் காலி, அங்கே எந்த எழுத்தும் கிடையாது.
இப்போது மல்லியைப் பார். ‘ல்’ மேல் இருக்கும் புள்ளிக்கு மூன்றாவது பைட் 8டி, உன் எரரில் வந்த அதே 0எக்ஸ்8டி. அங்கே முட்டி நிற்கிறது. துளசி என்று போட்டாலும் நிற்கும், உகரக் குறி 81-இல் முடியும். அரளியிலும் ரோஜாவிலும் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை. அதனால் எரர் இல்லாமல் கிறுக்கலாகவே உள்ளே போய்விடுகிறது. என்னைக் கேட்டால் எரர் வந்ததுதான் நல்லது. மல்லி இல்லாத ஃபைலாக இருந்திருந்தால் கிறுக்கலையே மாமாவிடம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருப்பாய்.
ஓபனுக்குள் ஃபைல் பெயருக்குப் பிறகு என்கோடிங் சமம் யூடிஎஃப்-8 என்று மேற்கோள் குறிக்குள் கொடு. போதும்.

மேலமாசி_அச்சகம்:
இல்லை தம்பி, பாமினியாக இருந்தாலும் இப்படித்தான் கிறுக்கலாக வரும். முதலில் கன்வர்ட்டரில் போட்டு மாற்றச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
ஐயா, பாமினியில் மல்லி அடித்தால் ஃபைலுக்குள் இருப்பது கே, ஒய், அரைப்புள்ளி, ஒய், பி. எல்லாம் சாதாரண ஆங்கில எழுத்து. அதற்கு எரரும் வராது, வட்டத்துக்குள் ஆரும் வராது.

மேலமாசி_அச்சகம்:
நீங்கள் சொல்வது கணக்குக்குச் சரி. ஆனால் ஒன்று சொல்கிறேன், யூனிகோட் வந்துதான் எல்லாம் சரியானது என்று பேசுகிறீர்களே, 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற எழுத்துக்குறி முறைகள்தான் என்றது, வாங்கினோம். 2010-இல் அதே அரசு யூனிகோட், டேஸ்16 என்றது. அச்சகத்தில் இருக்கும் பழைய ஃபைலை எல்லாம் யார் வந்து மாற்றிக் கொடுத்தார்கள்? கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவனுக்கு இன்றைக்கும் பழைய ஃபான்ட்தான் சோறு போடுகிறது.

நெற்றிக்கண்:
அச்சகத்தின் வரலாற்றை யாரும் கேட்கவில்லை. அந்தக் குழப்பத்தால்தான் யூனிகோடே தேவைப்பட்டது.

மேலமாசி_அச்சகம்:
கேட்காவிட்டாலும் சொல்லுவேன். நீங்கள் பிறப்பதற்கு முன்னால் பேஜ்மேக்கரில் பக்கம் போட்டவன் நான்.

பாண்டாஸ்_பிரியன்:
பாண்டாஸ் என்றால் இந்தப் பேச்சே வந்திருக்காது, அது கேட்காமலே யூடிஎஃப்-8 என்றுதான் படிக்கும்.

திருமங்கலத்தான்:
விண்டோஸ் 7-இல், நெட் இல்லாத கடை மெஷினில், நூறு வரி ஃபைலுக்குப் பாண்டாஸ் ஏற்றச் சொல்கிறீர்கள். நீங்களே வந்து ஏற்றிவிட்டுப் போங்கள் அண்ணே, டீ வாங்கித் தருகிறேன்.

நெற்றிக்கண்:
பைத்தான் 3.15-இல் யூடிஎஃப்-8 இயல்பாகவே வந்துவிடும். பழைய வெர்ஷனைக் கட்டி அழுதால் இப்படித்தான்.

வைகைக்கரை:
விண்டோஸ் 7-இல் 3.8-க்கு மேல் ஏறாது, அது அவர் குற்றம் இல்லையே. எல்லா ஃபைலுக்கும் சேர்த்து மாற்ற வேண்டுமென்றால் பைத்தான்யூடிஎஃப்8 என்ற என்விரான்மென்ட் வேரியபிளை (புரோகிராமுக்கு வெளியே, மெஷினில் வைக்கும் அமைப்பு) ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டு 1 என்று வைக்கலாம், 3.7 முதலே உண்டு. ஆனாலும் ஓபனிலேயே எழுதிவிடுவதுதான் எனக்குப் பிடிக்கும். நாளைக்கு வேறு மெஷினுக்குப் போனாலும் அது புரோகிராமோடு கூடவே போகும்.

பூமார்க்கெட்_பையன்:
மாற்றிவிட்டேன், அந்த எரர் போய்விட்டது. இப்போது கீ எரர் (அந்தப் பெயரே இல்லையாம்), ‘பூ’ என்று காட்டுகிறது. ஃபைலின் முதல் காலம் (நெடுவரிசை) பெயரே பூ தான்! கண்ணால் பார்க்கிறேன், இருக்கிறது. அதோடு விலையை இறங்குவரிசையில் அடுக்கினால் 900, 850, 400, அதற்குக் கீழே 3000, 300, 1200 என்று வருகிறது.

வைகைக்கரை:
முதலாவதற்குக் காரணம் நோட்பேட். விண்டோஸ் 7 நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று சேமித்தால் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைத்துவிடும், பாம் என்பார்கள். அது உன் ‘பூ’வோடு ஒட்டிக்கொண்டு காலம் பெயரையே மாற்றிவிட்டது. ஃபீல்ட்நேம்ஸை (காலம் பெயர்களை) லிஸ்டாக பிரிண்ட் செய்து பார், பூவுக்கு முன்னால் எஃப்இஎஃப்எஃப் என்று தெரியும். யூடிஎஃப்-8 என்பதை யூடிஎஃப்-8-சிக் என்று மாற்று. குறி இருந்தால் நீக்கிவிடும், இல்லாவிட்டாலும் ஒன்றும் சொல்லாது.
இரண்டாவது, சிஎஸ்வியில் இருந்து வருவதெல்லாம் ஸ்ட்ரிங், அதாவது எண் இல்லை, வெறும் எழுத்து. முதல் எழுத்தைப் பார்த்து அடுக்குகிறது, ஒன்பதில் தொடங்குவது மேலே போகிறது. சார்ட்டில் (அடுக்கும் கட்டளையில்) கீ என்ற இடத்தில் விலையை இன்ட் (முழு எண்) ஆக்கிக் கொடு.

பூமார்க்கெட்_பையன்:
இன்ட் போட்டால் வேல்யூ எரர். சில நாள் விலைக்குப் பதில் ‘வரத்து இல்லை’ என்று எழுதியிருக்கிறார் கணக்குப்பிள்ளை.

திருமங்கலத்தான்:
வரி வரியாக ஃபார் லூப் ஓட்டி, ‘வரத்து இல்லை’ என்று வருகிற வரியை எல்லாம் லிஸ்டில் இருந்து ரிமூவ் செய்துவிடு தம்பி.

நெற்றிக்கண்:
ஐயய்யோ. எந்த லிஸ்டில் லூப் ஓடுகிறதோ அதிலேயே ரிமூவா? ஒன்றை எடுத்ததும் அடுத்தது அந்த இடத்துக்கு நகர்ந்து வரும், லூப் அதைத் தாண்டிப் போய்விடும். மார்கழிப் பனியில் இரண்டு நாள் தொடர்ந்து வரத்து இல்லாமல் இருந்தால் இரண்டாவது நாள் அப்படியே லிஸ்டில் நிற்கும், திரும்பவும் வேல்யூ எரர். பாடத்தின் முதல் பக்கத்தில் இருக்கிற விஷயம் இது. வேண்டிய வரிகளை மட்டும் எடுத்துப் புது லிஸ்ட் கட்டுங்கள். விலை இஸ்டிஜிட் (வெறும் இலக்கங்கள்) ஆக இருந்தால் சேர், இல்லாவிட்டால் விடு.

வைகைக்கரை:
நெற்றிக்கண் சொல்வது சரி. ஆனால் வரத்து இல்லாத நாட்களைத் தூக்கி எறியாமல் இன்னொரு லிஸ்டில் வை தம்பி. பனிக்காலத்தில் பூ வராததால்தான் மறுநாள் விலை ஏறுகிறது, மாமா அதையும் கேட்பார்.

திருமங்கலத்தான்:
அது கிடக்கட்டும், இன்றைக்கு மல்லி கிலோ என்ன விலை?

பூமார்க்கெட்_பையன்:
ஓடிவிட்டது, நன்றி அண்ணே. ரிசல்ட்டைப் புது ஃபைலில் எழுதி எக்செல்லில் திறந்தால் ஒரு வரி விட்டு ஒரு வரி காலியாக வருகிறது. அதை மட்டும் சொல்லுங்கள், லோடு வந்துவிட்டது.

வைகைக்கரை:
எழுதுகிற ஓபனில் நியூலைன் சமம் என்று போட்டு உள்ளே எதுவும் இல்லாத மேற்கோள் குறி கொடு, காலி வரி போய்விடும். என்கோடிங்கில் அங்கேயும் யூடிஎஃப்-8-சிக் கொடு, அப்போதுதான் எக்செல் தமிழைத் தமிழாகத் திறக்கும். வந்ததா என்று சொல்.

மேலமாசி_அச்சகம்:
என்னிடம் ஒரு அலமாரி நிறைய சிடி இருக்கிறது, எல்லாம் பாமினி. இதே பைத்தானில் யூனிகோடுக்கு மாற்ற முடியுமா?

நெற்றிக்கண்:
முடியும். தனி இழையில் கேளுங்கள். ஃபைலில் இருந்து பத்து வரி மாதிரியோடு.