மலை ரிப்பீட்டர்கள் வழியாகப் பாக்கெட்: கேட்டு அனுப்புவதா, முறைவைத்து அனுப்புவதா?

அலைஞன்:
அமெச்சூர் ரேடியோக்காரர்கள் (ஹாம்) தகவலைப் பாக்கெட் பாக்கெட்டாக அனுப்பும் வலை, வந்த சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர்கள் இரண்டு மூன்றைத் தாண்டிப் போனாலும் அதற்கு சிஎஸ்எம்ஏ போதும்; அதாவது அலைவரிசை காலியா என்று கேட்டுவிட்டு அனுப்பும் முறை. ஹவாயில் 1971-இல் தொடங்கிய அலோஹா ரேடியோ வலையின் முறையில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிறோம். உச்சத்திலும் அலைவரிசையில் 18.4 சதவீதம்தான் பயன்படும். நேரத்தைக் கூறு போட்டு, கூறின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பினால் 36.8. காதுகொடுத்துக் கேட்டு அனுப்புபவருக்கு அதைவிட நிறையவே கிடைக்கும்.

மலைமுகடு:
கேட்பது அனுப்புபவர், மோதல் நடப்பதோ பெறுபவரிடம். மலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள், உச்சியில் ரிப்பீட்டர். உங்கள் குரல் எனக்கு எட்டாது. இருவரும் ‘அலைவரிசை காலி’ என்று நம்பி அனுப்ப, உச்சியில் இரண்டும் பாழ். இதை ஆய்வாளர்கள் டொபாகியும் கிளைன்ராக்கும் 1975-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். யாருக்கும் யாரும் கேட்காவிட்டால் சிஎஸ்எம்ஏ வெறும் அலோஹாதான்.

அலைஞன்:
அதற்குத்தானே 1990-இல் ஃபில் கார்ன் மாகா முறையைச் சொன்னார்? அவரும் ஹாம்தான். ‘அனுப்பட்டுமா’ என்று ஒரு குறும் பாக்கெட். பெறுபவர் ‘அனுப்பு’ என்றதும், அதைக் கேட்ட மற்றவர்கள் அடங்கியிருப்பார்கள்.

மலைமுகடு:
வைஃபை வேகத்தில் சரி. நம் 1200 பாட் (வினாடிக்கு 1200 பிட்) வேகத்தில் 128 பைட் போகவே 0.85 வினாடி. ஒவ்வொரு முறை ரேடியோவை அனுப்பும் நிலைக்கு மாற்றும்போதும் அது நிலைப்படக் கால் வினாடி ஆகிறது. உங்கள் இரண்டு குறும் பாக்கெட்டுகளே அரை வினாடிக்கு மேல் விழுங்கிவிடும். அனுமதி கேட்பதிலேயே பொழுது போய்விடும் ஐயா!

நேரக்கணக்கன்:
தேனிப் பகுதியில் அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராம மையங்களை நெடுந்தூர வைஃபையால் இணைத்த பெர்க்லி பல்கலைக்கழகக் குழு, 2007-இல் வெளியிட்ட வைல்ட்நெட் அமைப்பில் சிஎஸ்எம்ஏவைக் கைவிட்டு டிடிஎம்ஏவுக்குப் போனது; அதாவது அட்டவணை போட்டு ஒவ்வொருவருக்கும் முறைவைத்து நேரம் ஒதுக்குவது. 60 கிலோமீட்டரைக் கடக்க அலைக்கு 200 மைக்ரோவினாடி வேண்டும். அலைவரிசை காலியா என்று வைஃபை பார்க்கும் நேரக்கூறோ வெறும் 20 மைக்ரோவினாடி. அலைவரிசை காலி என்று நீங்கள் கேட்பது பழைய செய்தி.

அலைஞன்:
அங்கே கோபுரம் நகராது, ஆன்டெனாவும் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். புயல் நேரத்தில் ஜீப்பில் ஏற்றிய ரிப்பீட்டர் இடம் மாறினால் அட்டவணையை யார் திருத்துவது? பேச ஒன்றுமில்லாதவருக்கு ஒதுக்கிய நேரமும் வீண்.

மலைமுகடு:
ரிப்பீட்டர்களுக்கு இடையே மட்டும் அட்டவணை வைக்கலாம். கடிகாரத்துக்கு ஜிபிஎஸ் இருக்கிறது. பயனர்கள் கீழே தனி அலைவரிசையில் முட்டிமோதிக்கொள்ளட்டும்.

அலைஞன்:
அப்படியானால் ஒவ்வொரு உச்சியிலும் இரண்டாவது ரேடியோவும் அதற்கு மின்சாரமும் வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துவிட்டுப் பேசுங்கள்.