தொலைக்காட்சிப் போட்டியை ஹாலிவுட் எதிர்கொண்ட விதம்

கேள்வி:
1950களில் அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சி பரவியபோது ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் அதைப் பகையாகவே கருதின என்று பலர் எழுதுகிறார்கள். இது முழு உண்மைதானா?

மறுமொழி 1:
பகை இருந்தது, அது திரையின் அளவில் வெளிப்பட்டது. வீட்டுப் பெட்டியில் படம் 4:3 விகிதத்தில், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் தெரிந்த காலத்தில், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் 1953இல் சினிமாஸ்கோப் என்ற அகன்ற திரை முறையை அறிமுகப்படுத்தியது. படப்பிடிப்பில் அனமார்ஃபிக் லென்ஸ் அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கி வழக்கமான 35 மி.மீ. பிலிமுக்குள் அடக்க, திரையரங்கின் புரொஜெக்டரில் பொருத்திய மற்றொரு லென்ஸ் அதை மீண்டும் விரித்துக் காட்டியது. தொலைக்காட்சிக்குப் போட்டியாக வந்த முப்பரிமாணப் பட மோகமோ விரைவிலேயே அடங்கிவிட்டது. கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கும் தொல்லையை யார் நெடுநாள் பொறுப்பார்கள்?

மறுமொழி 2:
நண்பர் சொன்னது பாதிக் கதைதான். கொலம்பியா தன் ஸ்கிரீன் ஜெம்ஸ் பிரிவின் மூலம் தொலைக்காட்சிக்கே தொடர்கள் தயாரித்தது. 1954இல் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனத்தில் வாராந்தர நிகழ்ச்சியைத் தொடங்கிய வால்ட் டிஸ்னியோ, அந்த ஒப்பந்தத்திலேயே தம் கேளிக்கைப் பூங்காவுக்கு அந்நிறுவனத்தின் முதலீட்டையும் பெற்றுக்கொண்டார். அக்காலத்தின் மிகக் கெட்டிக்காரத்தனமான பேரம் இதுவே என்பேன். பாரமவுண்ட் 1958இல் தன் பழைய படங்களை, அவற்றைத் தொலைக்காட்சிக்கு விநியோகிக்க முன்வந்த எம்சிஏ என்ற பொழுதுபோக்கு நிறுவனத்துக்கு விற்றது.

மறுமொழி 3:
1948ஆம் ஆண்டின் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன் விளைவாகப் பெரிய ஸ்டுடியோக்கள் தங்களுக்குச் சொந்தமான திரையரங்குகளைக் கைவிட நேர்ந்ததால், வருமானச் சரிவு முழுவதையும் தொலைக்காட்சியின் தலையில் கட்டிவிட முடியாது.